நாயும் பரசூட்டும்: சம்மதம் பற்றிச் சில குறிப்புகள்

நாயை விமானத்தில் ஏற்றி, நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, நாலாயிரம் மீற்றர் உயரத்திலிருந்து குதிப்பது கொடுமையா? இதைக் கட்டுரைப் பொருளாக எடுத்துக்கொண்டேன் என்றதும் நண்பர்கள் சிலர் முகம் சுழித்தனர். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தெருவில் இருக்கையில் நாயைப் பற்றிப் பேச நமக்கு எங்கே நேரம் என்பது அவர்களது வாதம். அந்த வாதத்தை நான் புறந்தள்ளவில்லை. பிற்பகுதியில் அதற்கு வருகிறேன். நாயை முன்வைத்துக் கேட்கப்பட்டாலும், இக்கேள்வியின் உள்ளே வேறொரு கேள்வி இருக்கிறது. பேச முடியாத ஓர் உயிரின் மௌனத்தை யார், எந்த உரிமையில், சம்மதம் என்று மொழிபெயர்க்கிறார்கள்? அகதி விசாரணை மேசைக்கு முன்னால் இருந்து எழுந்து வந்த எவருக்கும் இது அந்நியமான கேள்வியல்ல.

இங்கே சுவிஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் இடைவேளை அறையில் இளைஞர் ஒருவர் கைத்தொலைபேசியில் இப்படியானதொரு வீடியோவைக் காட்டியதிலிருந்து விவாதம் தொடங்கியது. கண்ணாடி அணிந்த நாய், காற்றில் பிதுங்கும் கன்னங்கள், பின்னணியில் இசை. போர்த்துக்கேயப் பெண்மணி ஒருவர் பாவம் என்றார். காட்டியவர், அது சந்தோசமாய் இருக்கிறது பார் என்றார். ஒரே படத்தைப் பார்த்த இருவர் இரு வேறு நாய்களைக் கண்டனர். எது சரி என்று தீர்மானிக்க உணர்ச்சி போதாது. சில விபரங்கள் தேவை.

சற்று வரலாறு

வானத்துக்கு மனிதன் தான் ஏறுமுன் விலங்கை ஏற்றினான். 1783 செப்ரெம்பர் 19 அன்று வேர்சாய் அரண்மனையில், பதினாறாம் லூயி மன்னர் பார்த்திருக்க, மொங்கொல்ஃபியே சகோதரர்களின் வெப்பக்காற்றுப் பலூனில் ஒரு செம்மறியாடும் ஒரு வாத்தும் ஒரு சேவலும் ஏற்றப்பட்டன. ஏறக்குறைய எட்டு நிமிடப் பறப்பின்பின் மூன்றும் உயிருடன் இறங்கின. 1785இல் பிளாஞ்சார் என்ற பிரெஞ்சுப் பலூன்காரர் பலூனிலிருந்து நாயொன்றைப் பரசூட்டில் இறக்கிக் காட்டினார். கார்னரின் என்பவர் பாரிஸின் மொன்சோ பூங்காவின் மேலிருந்து தாமே பரசூட்டில் பாய்ந்து பெயர் பெற்றது 1797 ஒக்ரோபர் 22 அன்றுதான். கார்னரினின் பாய்ச்சலுக்கு ஒரு தசாப்தத்துக்கு முன்னரே நாய் பாய்ந்துவிட்டது. சரியாகச் சொன்னால், பாய்ச்சப்பட்டுவிட்டது.

சோவியத் ஒன்றியம் இதே வழியில் சென்றது. 1951 யூலையில் டெசிக், சிகான் என்ற இரு நாய்கள் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்துக்கு ரொக்கெற்றில் அனுப்பப்பட்டுப் பரசூட் உதவியுடன் உயிருடன் மீண்டன. அதே மாத இறுதியில் டெசிக் மறுபடி அனுப்பப்பட்டபோது பரசூட் விரியவில்லை. டெசிக்கும் உடன் சென்ற நாயும் இறந்தன. 1957 நவம்பர் 3 அன்று அனுப்பப்பட்ட லைக்காவுக்குத் திரும்பிவரும் ஏற்பாடே இருக்கவில்லை. அது பல நாட்கள் வாழ்ந்ததாகவே நீண்டகாலம் சொல்லப்பட்டது. சில மணி நேரத்திலேயே வெப்பத்தாலும் பதற்றத்தாலும் இறந்துபோனது என்ற உண்மை 2002இல் வெளிவந்தது. அத்திட்டத்தில் பணியாற்றிய விஞ்ஞானி ஒலெக் கசென்கோ, அந்த நாயின் மரணத்தை நியாயப்படுத்துமளவுக்கு அப்பயணத்திலிருந்து தாம் எதையும் கற்கவில்லை என்று 1998இல் வருந்தியது பதிவாகியுள்ளது.

போர் வந்தபோது நாய் படைவீரனாக்கப்பட்டது. பிரித்தானியாவின் 13ஆவது பரசூட் பட்டாலியன் நாய்களைப் பயிற்றுவித்தது. பங்கீட்டு உணவில் நாயைப் பராமரிக்க இயலாத குடும்பங்கள் தம் வளர்ப்பு நாய்களைப் போர் அலுவலகத்துக்கு இரவல் கொடுத்திருந்தன. அவற்றுள் ஒன்று பிங். பாய்ச்சலுக்கு முன் நாய்களுக்கு உணவும் நீரும் கொடுக்கப்படுவதில்லை. பயிற்றுநர் தமது பையில் இறைச்சித் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு முதலில் குதிப்பார். பசித்த நாய் பின்னால் வரும். மிதிவண்டிகளை இறக்கச் செய்யப்பட்ட பரசூட்டுகளே நாய்களுக்குப் பொருத்தமாக இருந்தன. 1944 யூன் 6 அன்று நோர்மண்டியின் மேலே விமான எதிர்ப்புச் சூடு வெடித்தபோது, பயிற்சியெல்லாம் முடித்த இதே பிங் பின்வாங்கி விமானத்தின் பின்பகுதியில் ஒளிந்துகொண்டதாகவும், அதைப் பிடித்து வெளியே தள்ளவேண்டியிருந்ததாகவும் அந்தப் பட்டாலியனின் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். மரமொன்றில் சிக்கித் தொங்கிய பிங் பின்னர் மீட்கப்பட்டது. 1947இல் அதற்கு டிக்கின் பதக்கம் வழங்கப்பட்டது.

இருபதுக்கு மேற்பட்ட தடவைகள் பாய்ந்ததாக 1945இல் அதே பதக்கம் பெற்ற ரொப் என்ற நாயின் கதை இன்னும் விசித்திரமானது. அதன் சாகசம், உரிமையாளர்கள் நாயைத் திருப்பிக் கேட்டபோது பிரிய மனமில்லாத படையினர் புனைந்தது என்ற கூற்று 2006இல் வெளிவந்து சர்ச்சையானது. எது உண்மையாயினும், பதக்கத்தின் மொழி எப்போதும் மனிதரின் மொழியே. வீரம், கடமை, தியாகம் ஆகிய எல்லாம் நாம் நாய்க்கு அணிவிப்பவை. ஒளிந்துகொண்டது மட்டுமே பிங் தானாகச் சொன்னது.

இவற்றுக்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1948இல் அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில், மனிதக் குடியிருப்புகளுக்கு அருகே தொல்லையாகிவிட்ட பீவர் என்ற அணைகட்டும் விலங்குகளை, சாலையற்ற மலைக்காட்டுக்கு இடம் மாற்ற வேண்டியிருந்தது. கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிச் சென்றபோது அவை வெயிலில் வாடின, பல இறந்தன. எனவே தரையைத் தொட்டதும் திறந்துகொள்ளும் மரப்பெட்டிகளில் வைத்து 76 பீவர்களைப் பரசூட்டில் இறக்கினர். ஒன்று மட்டுமே இறந்தது. விசித்திரமான காட்சிதான், ஆனால் அந்தப் பாய்ச்சலின் முடிவில் விலங்குக்கு ஒரு காடும் நீரோடையும் கிடைத்தன.

கடைசியாக வந்தது பொழுதுபோக்கு. 1997 மே 20 அன்று கலிபோர்னியாவில் புரூட்டஸ் என்ற குட்டையின டக்ஸ்ஹுண்ட் நாய் 15,000 அடியிலிருந்து தன் எசமானரோடு பாய்ந்து கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பிடித்தது. 2014இல் அமெரிக்க மலையேறி டீன் பொற்றர், சிறகுபோல் விரியும் விங்சூட் உடையணிந்து, விஸ்பர் என்ற தமது நாயை முதுகில் கட்டிக்கொண்டு சுவிற்சர்லாந்தின் ஐகர் மலையிலிருந்து பாய்ந்த படம் வெளியானது. பாராட்டும் கண்டனமும் சேர்ந்தே வந்தன. 2015 மே 16 அன்று யோசெமிற்றிப் பள்ளத்தாக்கில் இதேவகைப் பாய்ச்சலில் பொற்றர் உயிரிழந்தார். அன்று நாய் அவருடன் இருக்கவில்லை.

உடலுக்கு என்ன நேர்கிறது?

4,000 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்ட அழுத்தத்தின் ஏறத்தாழ 60 வீதம். ஆயிரம் மீற்றருக்கு ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறையும். தரையில் 20 பாகையெனில் மேலே உறைநிலைக்குக் கீழே. கதவு திறந்ததும் இரைச்சலும் குளிரும் ஒருங்கே தாக்கும். குதித்த சில விநாடிகளில் வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றரை எட்டும். பரசூட் விரியும்வரை ஒரு நிமிடம் அளவில் தடையற்ற வீழ்ச்சி; அந்நேரத்துக்குள் இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகிறோம்.

இதை நாயின் உடலோடு வைத்துப் பார்க்கவேண்டும். மனிதக் காது 20,000 ஹேர்ட்ஸ் வரையே கேட்கும்; நாயின் காது ஏறத்தாழ 45,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். வாணவெடிக்கே கட்டிலின் கீழ் ஒளியும் நாய்கள் எத்தனை என்பதை நாய் வளர்ப்போர் அறிவர். இறங்கும்போது நடுக்காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய நாம் எச்சில் விழுங்குகிறோம், மூக்கைப் பிடித்து ஊதுகிறோம். நாய்க்கு அதைச் சொல்லிக்கொடுக்க வழியில்லை. பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்குத் தரையிலேயே மூச்சு முட்டுகிறது. இவற்றோடு, காலுக்குக் கீழே நிலம் இல்லாமற் போவது நாற்கால் விலங்குக்குப் பெரும் அச்சம் தரக்கூடியது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கண்ணாடி, காதுமூடி, பொருத்தமான பட்டி, படிப்படியான பயிற்சி என்பன இந்தத் துன்பத்தைக் குறைக்கும். உடற்காயம் ஏற்படுவது அரிதாக இருக்கலாம். எனவே பாய்ந்த நாய் ஒவ்வொன்றும் வதைபட்டது என்று சொல்ல முடியாது. காயம் இல்லையென்றால் கேடும் இல்லை என்று முடித்துவிடலாமா என்பதே அடுத்த பிரச்சினை.

‘அது விரும்புகிறது’ என்ற வாதம்

பாய்ச்சலை நியாயப்படுத்துவோரின் முதன்மையான வாதம், நாய் எதிர்க்கவில்லை, வாலை ஆட்டியது, அமைதியாக இருந்தது என்பது. முதலாவதாக, நாயின் முகத்தை நாம் மனித முகமாக வாசிக்கிறோம். வாய் திறந்து மூச்சிரைப்பது சிரிப்புப்போல் தெரியும்; அது பதற்றமாகவும் இருக்கலாம். தூக்கமின்றிக் கொட்டாவி விடுதல், உதட்டை அடிக்கடி நக்குதல், கண்வெள்ளை தெரியப் பார்த்தல், காதைப் பின்னுக்கு மடித்தல், அசையாது உறைந்துபோதல் ஆகியன மனஅழுத்தத்தின் அறிகுறிகள் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் சொல்வர். காற்று முகத்தைப் பிதுக்கும் வேளையில் இவற்றில் எதை வாசிக்க முடியும்?

இரண்டாவதாக, அமைதி என்பது என்ன? மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் ஆகியோர் 1967இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நடத்திய பரிசோதனையை நான் மாணவருக்குப் பலமுறை விரிவுரை செய்திருக்கிறேன். தப்பிக்க வழியே இல்லாத நிலையில் மின்னதிர்ச்சி பெற்ற நாய்களைப் பின்னர் தப்பிக்க வழியுள்ள பெட்டியில் விட்டபோது, அவற்றில் பெரும்பாலானவை தாண்டிச் செல்ல முயலாமல் படுத்து முனகின. ‘கற்றுக்கொண்ட நிர்க்கதி’ என்று இதற்குப் பெயரிட்டனர். 2016இல் அதே இருவரும் தம் விளக்கத்தைத் திருத்தினர். தொடரும் துன்பத்தின் முன் அடங்கிக் கிடப்பது உயிரின் இயல்பான முதல் எதிர்வினை. அது கற்றுக்கொள்வது நிர்க்கதியை அல்ல, தன் செயலால் நிலைமையை மாற்றலாம் என்பதையே, என்றனர். இப்பரிசோதனையே கொடியது என்பது வேறு விடயம். அதிலிருந்து நமக்குக் கிடைப்பது, அடங்கியிருப்பதைச் சம்மதத்துக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்ற எச்சரிக்கை. மனித நெஞ்சோடு நாலு காலும் கட்டுண்ட நாய் தன் செயலால் மாற்றக்கூடியது எதுவுமில்லை.

குளிர் அறையில் வேலை செய்யும் எங்களைப் பற்றி மேற்பார்வையாளர் ஒருவர், இவர்கள் பழகிவிட்டார்கள், முறைப்பாடு செய்வதேயில்லை என்று வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். முறைப்பாடு செய்யும் மொழியும் இல்லை, செய்தபின் வேலை இருக்கும் என்ற உறுதியும் இல்லை. மௌனத்தை வாசிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அது எப்போதும் வசதியாகவே வாசிக்கப்படுகிறது.

இங்கு நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. மிருக வைத்தியரிடம் போவதற்கும் ஊசிக்கும் கழுத்துப் பட்டிக்கும் நாய் சம்மதித்ததா? இல்லைத்தான். ஆகவே சம்மதம் இல்லை என்பது மட்டும் ஒரு செயலைத் தவறாக்கிவிடாது. சம்மதம் பெறமுடியாத இடத்தில் அந்த உயிரின் நலன் அதன் இடத்தை நிரப்பவேண்டும். குழந்தைக்கு ஊசி போடுகிறோம். குழந்தையை மலையுச்சியிலிருந்து பாய வைப்பதில்லை. ஊசியின் பயன் நாய்க்கு. பாய்ச்சலின் பயன் யாருக்கு? ஓட, மோப்பம் பிடிக்க, எசமானரோடு இருக்க நாய் விரும்புகிறது. இவையெல்லாம் தரையிலேயே கிடைக்கின்றன.

விளையாட்டிலும் வேறுபாடு உண்டு. அலைப்பலகையில் ஏறும் நாய் பிடிக்காவிட்டால் தண்ணீரில் குதித்து வெளியேறலாம். பந்தைத் துரத்தும் நாய் சலித்தால் படுத்துவிடும். மறுக்கும் வழி கடைசிவரை திறந்திருக்கிறது. விமானக் கதவைத் தாண்டியபின் அப்படியொரு வழி இல்லை. மனிதன் பாயும்போது இதை அறிந்தே பாய்கிறான். உயிராபத்து உண்டு என்று வாசித்துக் கையொப்பமிடுகிறான். பொற்றரின் மரணம் அவர் தெரிந்து ஏற்ற ஆபத்தின் விளைவு. ஐகரில் அதே வகை ஆபத்தை விஸ்பர் தெரிந்து ஏற்றது என்று எவரும் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜேர்மனியின் 1972ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பிரிவு, நியாயமான காரணமின்றி விலங்குக்கு வலியோ துன்பமோ கேடோ விளைவிக்கலாகாது என்கிறது. 2002இல் விலங்குப் பாதுகாப்பு அந்நாட்டின் அடிப்படைச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. நோர்வேயின் 2009ஆம் ஆண்டுச் சட்டம், மனிதருக்கான பயனுக்கு அப்பால் விலங்குக்குத் தன்னளவில் ஒரு பெறுமதி உண்டு என்கிறது.

சுவிஸ் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. 1992இல் வாக்கெடுப்பின் மூலம் ‘உயிரினத்தின் கண்ணியம்’ என்ற கருத்து அரசியலமைப்பில் நுழைந்தது. 2005இல் இயற்றப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை விளக்குகிறது. வலியும் கேடும் தவிர, விலங்கை அச்சத்துக்கு உள்ளாக்குவதும் இழிவுபடுத்துவதும் அளவுமீறிக் கருவியாக்குவதும் கண்ணியத்தின்மீது சுமத்தப்படும் பாரமாகும். அதைவிட மேலான நலன் ஒன்று இருந்தாலன்றி அந்தப் பாரத்தை நியாயப்படுத்த முடியாது. மனிதனைக் கருவியாக மட்டும் நடத்தாதே என்ற காண்டின் கோட்பாடு பகுத்தறிவுள்ள உயிர்களோடு நின்றிருந்தது. காண்ட் அடைத்த வாசலை சுவிஸ் சட்டம் சற்றுத் திறந்திருக்கிறது எனலாம். காட்சிக்காகவும் சாதனைக்காகவும் வீடியோவுக்காகவும் நாயைக் கட்டிக்கொண்டு பாய்வதை இந்த அளவுகோலால் அளந்தால், எதிர்த்தட்டில் வைக்க மேலான நலன் எதுவும் கிடைக்காது.

நாய்க்குக் கருணை, அகதிக்குக் கதவடைப்பு?

இனி நண்பர்களின் வாதத்துக்கு வருவோம். இதே சுவிஸில் கினிப்பன்றியைத் தனியே வளர்ப்பது சட்டப்படி குற்றம். அது கூட்டமாக வாழும் விலங்கு, துணையின்றி வாடிப்போகும் என்பது காரணம். இதே சுவிஸில் எஃப் அனுமதியுடன் வாழ்ந்த நம்மவர் எத்தனையோ பேர் மனைவி பிள்ளைகளை அழைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். இந்த முரணைக் கண்டு எழும் கசப்பு நியாயமானது. விலங்குமீதான கருணை மனிதர்மீதான கருணைக்கு உத்தரவாதமல்ல என்பதற்கு வரலாற்றிலும் சான்றுண்டு. ஜேர்மனியின் விரிவான விலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று 1933 நவம்பரில் நாசிகளால் இயற்றப்பட்டது.

ஆனால் இதிலிருந்து விலங்கைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்ற முடிவு வருமா? 1824இல் லண்டனில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடக்கியோரில் ஒருவரான வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், அடிமை வணிகத்துக்கு எதிராக வாழ்நாள் முழுவதும் போராடியவர். இரு கருணைகளும் ஒன்றையொன்று தின்றுதான் வாழவேண்டும் என்ற விதி எதுவுமில்லை. கினிப்பன்றிக்குத் துணை வேண்டும் என்று ஒப்புக்கொண்ட சட்டத்திடம், அகதிக்கும் துணை வேண்டும் என்று கேட்பதே நமது வாதமாக இருக்கவேண்டும். கினிப்பன்றியைத் தனிமையில் தள்ளு என்று கேட்பதால் எந்தத் தகப்பனும் பிள்ளையைச் சேரப்போவதில்லை.

கோழிக்கறி தின்றுகொண்டு நாய்க்கு நீதி பேசலாமா என்ற கேள்வியும் எழும். இது முரண்தான். இறைச்சித் தொழிலோடு ஒப்பிடுகையில் வானில் பாயும் சில நாய்களின் துன்பம் கடுகளவு. எனினும் பெரிய தவறு சிறிய தவறைச் சரியாக்காது. முரணை உணர்ந்தவர் தன் தட்டையும் பார்க்கத் தொடங்கலாம். நாயை மறந்துவிடத் தேவையில்லை.

ஆக

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கேள்விகளைத் தொகுக்கலாம். யாருடைய தேவைக்காக? மறுக்க வழி உண்டா? முடிவில் விலங்குக்கு என்ன கிடைக்கிறது? ஐடாஹோவின் பீவர்களுக்கு மறுக்க வழியில்லை. ஆயினும் வேறு வழிகள் அவற்றைக் கொன்றன, முடிவில் வாழ்விடம் கிடைத்தது. அதை ஏற்கலாம். மீட்புப் பணிக்கு வேறு பாதையே இல்லாதபோது நாயை இறக்குவதும் விவாதித்து ஏற்கக்கூடியது. போருக்கு இரவல் போன பிங், தன் பகையல்லாத பகைக்காகத் தள்ளப்பட்டது. பதக்கம் அதை மாற்றாது. பொழுதுபோக்குப் பாய்ச்சல் மூன்று கேள்விகளிலும் தோற்கிறது.

கொடுமை என்ற சொல் இதற்குப் பொருந்துமா? வதைத்து மகிழ்வதையே கொடுமை என்று கொண்டால் பொருந்தாது. நாயைக் கட்டிக்கொண்டு பாய்வோரில் பலர் அதை உண்மையாகவே நேசிப்பவர்கள். வீட்டில் தனியே விட்டுவர மனமில்லாதவர்கள். எனவே அவர்களைக் கொடியவர் என்று ஏசுவதில் பயனில்லை. தவறு வேறிடத்தில் இருக்கிறது. அறியாத இடத்தில் நாய் தன் எசமானரின் முகத்தைப் பார்க்கிறது. அவர் அஞ்சவில்லையென்றால் தானும் பொறுத்துக்கொள்கிறது. பட்டியும் கொளுக்கியும் நாயின் உடலைப் பிடித்து வைக்கின்றன. அதை அமைதியாக வைத்திருப்பது அந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையையே கருவியாக்கி, அதற்கு எந்தப் பயனும் இல்லாத ஆபத்துக்குள் அதை எடுத்துச் செல்வது நம்பிக்கைத் துரோகம். நேசத்தோடு செய்தாலும் அது துரோகமே.

பிள்ளைகள் பெயரால், மக்கள் பெயரால், பேசாதோர் பெயரால் முடிவெடுத்த வரலாறு நமக்கும் உண்டு. நம் மேடைகளிலும் இயக்கங்களிலும் வீடுகளிலும் மௌனங்கள் எப்படியெல்லாம் சம்மதமாகப் பதிவுசெய்யப்பட்டன என்பதைப் பற்றி இவ்விதழின் வாசகர்கள் எழுதவேண்டும். போர்க்கால நாய்களின் விடயத்தில் என் முடிவோடு உடன்படாதோரும் இருப்பர். அவர்களது மறுப்பை அடுத்த இதழில் எதிர்பார்க்கிறேன்.